இருபத்திரண்டு மில்லி, மூன்று மீட்டர்

கம்பிக் கடையில் அவருக்கு 'நூத்தி அறுபத்திரண்டு' என்று பெயர். உருண்டை இரும்புக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நூற்று அறுபத்திரண்டால் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்று வந்துவிடும். அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். மற்றவர்கள் கால்குலேட்டரைத் தேடுவார்கள். அவர் மனதிலேயே போடுவார். வந்த ஆள் அளவைச் சொல்லி வாயை மூடுவதற்குள் எடை வெளியே வந்துவிடும். கூடவே, "இதுக்கு மூணு சக்கர வண்டி போதும்" என்றோ, "இதை உங்க காருக்குள்ள விட்டா பின் கண்ணாடி வழியா வெளியே வந்துரும்" என்றோ ஒரு யோசனையும் சேர்ந்து வரும்.

அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் 'சுமார்'. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா, "எவ்வளவு எடையைத் தூக்கும்போது வலி வந்துச்சு?" என்று கேட்டார்.

"முப்பத்தேழு புள்ளி ஒன்பது."

"சுமார் நாப்பது," என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா கம்ப்யூட்டரில் தட்டினார். மயக்க ஊசி போடும்வரை அந்த இரண்டு கிலோ நூறு கிராம் அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மா அவரையும் அவர் மனைவியையும் உட்கார வைத்துப் பேசினார். ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. ஓடக் கூடாது. முக்கக் கூடாது.

"சரியா அஞ்சு கிலோன்னா?" என்று கேட்டார்.

"அஞ்சுன்னா தூக்கலாம்."

"அஞ்சு கிலோ பத்து கிராம்?"

டாக்டரம்மா அவர் மனைவியைப் பார்த்தார்.

"இவர் இப்படித்தான் டாக்டர்," என்றாள் மனைவி. "நான் பார்த்துக்கறேன்."

அவள் தையற்காரி. வாசல் அறையில் ஜன்னலோரம் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பாள். இப்போது அங்கிருந்தபடியே வீடு முழுவதையும் காவல் காத்தாள். குளியலறையில் வாளி சத்தம் கேட்டால் மெஷின் நின்றுவிடும். "எவ்வளவு தண்ணி?" என்று குரல் வரும்.

"வாளிக்கு விட்டம் இருபத்தாறு சென்டிமீட்டர். ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் பிடிச்சிருக்கேன். வாளியோட சேர்த்து நாலு கிலோதான்."

"அப்ப ரெண்டு தடவை தூக்கறீங்க. ரெண்டும் சேர்ந்து எட்டு."

இது கணக்கே அல்ல என்று அவருக்குத் தெரியும். ஆனால் எப்படி அல்ல என்று விளக்குவதற்குள் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.

தையல் காய்ந்ததும் கடைக்குப் போகத் தொடங்கினார். முதலாளியம்மா அவரைத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, "கணக்கு மட்டும் சொல்லுங்க. கை வைக்காதீங்க," என்றார். அதுவரை அவர் கடையில் உட்கார்ந்ததே இல்லை. நாற்காலியிலிருந்து பார்த்தால் கடை வேறு மாதிரி இருந்தது. எல்லோருடைய செருப்பும் தெரிந்தது.

ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஒருநாள் ஒருவர் வந்து இருபது மில்லி கம்பி இரண்டு மீட்டர் வேண்டும் என்றார். வெட்டும் ஆட்கள் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெட்டி வைத்த துண்டு ஒன்று சரியாக இரண்டு மீட்டரில் சுவரோரம் சாய்ந்திருந்தது. நானூறு வகுத்தல் நூற்று அறுபத்திரண்டு, பெருக்கல் இரண்டு. நாலு புள்ளி ஒன்பது நாலு. டாக்டர் சொன்னதற்கு அறுபது கிராம் குறைவு. அவர் எழுந்துபோய் அதைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி சாப்பாட்டு டப்பாவுடன் கடைக்குள் நுழைந்தாள்.

"கீழ வைங்க!"

லாரியில் இருந்தவர்கள்கூட ஆளுக்கொரு சாமானைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"அஞ்சு இல்லைம்மா. நாலு புள்ளி ஒன்பது நாலு."

"யார் சொன்னது?"

"கணக்கு."

"தராசுல வைங்க," என்றாள்.

வந்த வாடிக்கையாளர், முதலாளியம்மா, லாரி ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். கம்பியைத் தராசில் வைத்தார்கள். சிவப்பு எண்கள் கொஞ்சம் ஆடி, ஐந்து புள்ளி பூஜ்யம் நாலில் நின்றன.

அவர் விட்டம் அளக்கும் வெர்னியரை எடுத்துக் கம்பியை மூன்று இடத்தில் அளந்தார். இருபதுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

"மில்லுல தடிமனா உருட்டிட்டாங்க," என்றார். "இருபதுன்னு போட்டு அனுப்பறது இருபதாவே இருக்கணும்னு இல்ல. கொஞ்சம் முன்னபின்ன வரும். எல்லாக் கடையிலும் அப்படித்தான்."

"அவங்க தடிமனா உருட்டினா நீங்க தடிமனா தூக்குவீங்களா?"

வாடிக்கையாளர் தன் கம்பியைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஒரு ஸ்பிரிங் தராசு வாங்கினாள். மேலே பிடிக்க வளையம், கீழே மாட்டக் கொக்கி, நடுவில் ஒரு முள். மீன்காரர்கள் வைத்திருப்பது போன்றது. அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மூக்குக் கண்ணாடி, நூல்கண்டு, ஸ்பிரிங் தராசு என்று அந்தப் பை போகுமிடமெல்லாம் போனது. காய்கறிப் பையை அவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் கடைத்தெருவிலேயே மாட்டி நிறுத்துப் பார்ப்பாள். பார்க்கிறவர்கள் அவள் வியாபாரியைத்தான் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்தார்கள். வெங்காயக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு, கேட்காமலே கூட இரண்டு வெங்காயத்தைப் போட்டார். அதில் எடை ஐந்தைத் தாண்டிவிட்டது. இரண்டையும் அவள் எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அவருக்கு வருத்தம் தராசின் மேல் அல்ல. தன் வாழ்நாளில் சொன்ன எடைகளெல்லாம் எவ்வளவு முன்னபின்ன இருந்திருக்கும் என்று உட்கார்ந்து யோசித்தார். நாற்காலியில் உட்கார வைத்தால் இதுதான் தொல்லை. யோசனை வந்துவிடுகிறது.

கொல்லைப்புறத்தில் துணி காயப்போட ஒரு கம்பி இருந்தது. குழாய் போட்டிருந்தால் போதும். கயிறு கட்டியிருந்தால் இன்னும் நல்லது, அவள் கயிறுதான் கேட்டாள். ஆனால் கம்பிக் கடையில் வேலை பார்ப்பவன் வீட்டில் கயிறா என்று அவர் கெட்டிக் கம்பியாகவே கொண்டுவந்து, இரண்டு சுவர்களிலும் கொக்கி அடித்து மாட்டியிருந்தார். அந்தக் கம்பி எத்தனை கிலோ, அதை எந்தக் கொக்கி தாங்கும் என்றெல்லாம் சரியாகப் பார்த்துத்தான் அடித்தார்.

ஒரு விடுமுறை நாள் காலை அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பின்பக்கம் பெரிய சத்தம் கேட்டது. இரும்பு சிமெண்டில் விழும் சத்தத்தை அவர் எங்கிருந்தாலும் கண்டுபிடிப்பார். அதற்குப் பிறகு வந்த சத்தம் மனைவியுடையது.

போய்ப் பார்த்தார். ஒரு கொக்கி சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது. மனைவி கால்களை நீட்டித் தரையில் கிடந்தாள். அவள் தொடைகளுக்குக் குறுக்கே கம்பி கிடந்தது. கம்பியின் ஒரு முனை தரையில் இருந்தது, இன்னொரு முனை கொஞ்சம் அந்தரத்தில் நின்றது. கம்பியின் மேல் நனைந்த போர்வை ஒன்றும் இரண்டு படுக்கை விரிப்புகளும் சுருண்டு கிடந்தன. விழும்போது ஊன்றிய வலது கையின் மணிக்கட்டு, மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அவர் குனிந்து கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"தொடாதீங்க!" என்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"எத்தனை கிலோ?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"உங்களுக்குத் தையல் பிரிஞ்சு நீங்களும் விழுந்தா, என்னை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா? எத்தனை கிலோ?"

அவள் முகம் வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. கேள்வி கேட்டால் அவர் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும்.

"இருபத்திரண்டு மில்லி, மூணு மீட்டர். எட்டு புள்ளி ஒன்பது ஆறு."

"அது கம்பி. துணி?"

அவர் துணியைப் பார்த்தார். நனைந்த போர்வைக்கு விட்டம் கிடையாது.

"தெரியல," என்றார். பிறகு, "கொக்கி அடிச்சப்போ கம்பியைக் கணக்குப் பண்ணினேன். துணியைப் பண்ணல."

"துணி காயப்போடத்தானே கம்பி?"

"ஆமா."

"சரி, அதை அப்புறம் பேசலாம். முதல்ல துணியை இழுங்க. தூக்க வேணாம், இழுங்க."

அவர் முட்டி போட்டு உட்கார்ந்து விரிப்புகளை ஒவ்வொன்றாக உருவினார். போர்வை வர மறுத்தது. அதன் ஒரு மூலையைக் காலால் மிதித்துக்கொண்டு மறு மூலையைத் தரையோடு தரையாக இழுத்தார். இழுப்பது தூக்குவதாகாது. கம்பி லேசாக அசைந்தபோதெல்லாம் அவள் பல்லைக் கடித்தாள். ஒருமுறை அவரைத் திட்டினாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. அவளுக்கு அது தெரியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

துணியெல்லாம் வந்துவிட்டது. கம்பி மட்டும் இருந்தது.

"மேல நிக்கிற முனையை மட்டும் தூக்கினா பாதி எடைதான் கைக்கு வரும்," என்றார். "மீதியைத் தரை தாங்கிக்கும். நாலு புள்ளி நாலு எட்டு. அஞ்சுக்குக் குறைவுதான்."

"அன்னிக்கும் குறைவுன்னுதான் சொன்னீங்க."

"அன்னிக்கு மில்லுல..."

"பையில தராசு இருக்கு. எடுத்துட்டு வாங்க."

"ஏம்மா, வலிக்குது இல்ல உனக்கு?"

"வலிக்குது. அதான் சொல்றேன், சீக்கிரம் போங்க. ஓடாதீங்க."

அவர் ஓடாமல், ஆனால் ஓடுகிறவர்கள் பார்த்துப் பொறாமைப்படும் வேகத்தில் உள்ளே போய், பையைத் தலைகீழாகக் கொட்டித் தராசை எடுத்துவந்தார். கம்பி முனையில் ஒரு துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, முடிச்சில் கொக்கியை மாட்டினார். வளையத்தைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தார். முள் இறங்கியது. இரண்டு, மூன்று, நாலு. நாலரையைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

"எவ்வளவு?" என்றாள்.

"நாலு புள்ளி ஆறு."

"அப்ப தூக்கலாம்."

"தூக்கியாச்சும்மா," என்றார். "வெளிய வா."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கம்பி அவள் தொடையை விட்டு நாலு விரல் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. எடை பார்க்க வேண்டுமானால் தூக்கித்தான் ஆக வேண்டும் என்பதை இரண்டு பேருமே யோசித்திருக்கவில்லை. அவள் இடது கையை ஊன்றிப் பின்பக்கமாக நகர்ந்து வெளியே வந்தாள். அவர் கம்பியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அவர் தன் சட்டை முனையால் அவள் நெற்றியைத் துடைத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, அதனால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகுதான் எதிர்வீட்டுத் தபால்காரரைக் கூப்பிட்டார்கள். திடகாத்திரமான ஆள். வந்தவர் அவளைத் தோளோடு அணைத்து எழுப்பி, வாடகைக் கார் பிடித்து, ஆஸ்பத்திரிவரை கூடவே வந்தார்.

தொடையில் கன்றியிருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டு மட்டும் முறிந்திருந்தது. முழங்கைவரை மாவுக்கட்டுப் போட்டார்கள். வெளியே வரும்போது நடையில் அதே டாக்டரம்மா எதிரே வந்தார். கட்டைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், உடனே கணவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க தூக்கினீங்களா?"

"நாலு புள்ளி ஆறு," என்றார்.

"கரெக்ட் டாக்டர்," என்றாள் மனைவி. "நிறுத்துட்டுத்தான் தூக்கினார்."

டாக்டரம்மா அவரை ஓர் அறைக்குள் அழைத்துப்போய்த் தையல் இடத்தை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, அறை வாசலில் நின்ற தபால்காரரைக் காட்டி, "இவர் எதிர்வீடுதானே? முதல்லயே இவரைக் கூப்பிட்டிருக்கலாமே?" என்றார்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தபால்காரரும், "வீட்டுலதான் இருந்தேன்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த பிரச்சினை தெரிந்தது. தபால்காரருக்கு ஒரு யூனிபார்ம் சட்டை தைத்துத் தருவதாக அவள் ஒத்துக்கொண்டிருந்தாள். பழையது முதுகில் கிழிந்துவிட்டது, திங்கட்கிழமை மேலதிகாரி வருகிறார். வேறு யாருக்காவது என்றால் தள்ளிப் போட்டிருப்பாள். காரில் தன்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது?

"நான் தைக்கறேன்," என்றார் அவர். "நீ பக்கத்துல உட்கார்ந்து சொல்லு. அளவு இருந்தா போதும். எனக்கு அளவுதானே வேலை."

அவள் யோசித்தாள். மெஷினில் நேராகத் தைக்க ஒரு பழைய துணியில் பழக்கினாள். முதல் நாள் அவர் தைத்தது ஆறு போல வளைந்து போனது. மறுநாள் நேரானது. மூன்றாவது நாள் அவளே, "பரவாயில்லையே," என்றாள். அளவுகளை வரிசையாகச் சொன்னாள். மார்பு நாற்பது அங்குலம், தோள் பதினெட்டு, கை இருபத்துநாலு. மீதியைச் சொல்ல வாயெடுத்தவள் வலி மாத்திரையின் அசதியில் அப்படியே தூங்கிப்போனாள். அளவுகள்தான் வந்துவிட்டனவே என்று அவர் அவளை எழுப்பவில்லை. இரும்பு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, ஒரு நூலிழை பிசகாமல் வெட்டித் தைத்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் வந்து போட்டுப் பார்த்தார். கை நுழைந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பொத்தானும் ஓட்டையும் ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டன. தபால்காரர் இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, கட்டிப்போட்ட மாதிரி நின்றார்.

"நாப்பது அங்குலம் சரியா இருக்கே," என்றார் அவர். டேப்பை எடுத்துத் தபால்காரரின் மார்பைச் சுற்றி அளந்தார். நாற்பது. சட்டையை அளந்தார். அதுவும் நாற்பது. "சரியாத்தானே இருக்கு?"

மனைவி கட்டுப் போட்ட கையோடு சிரிக்க ஆரம்பித்தாள். கை வலித்தது, சிரிப்பு நிற்கவில்லை.

"உடம்பு நாப்பது. சட்டை நாப்பத்திநாலு இருக்கணுங்க."

"அப்ப ஏன் நாப்பதுன்னு சொன்னே?"

"அளவு நாப்பது. அதுக்கு மேல விட்டு வெட்டணும். சொல்லத்தான் வந்தேன், தூங்கிட்டேன். மனுஷன் மூச்சு விட வேணாமா? கையைத் தூக்க வேணாமா?"

"மூச்சு விடணும்," என்றார் தபால்காரர், ரொம்பச் சின்னக் குரலில்.

அவர் சட்டையை வாங்கி மேஜையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "எவ்வளவு விடணும்? அதுக்குக் கணக்கு என்ன?" என்று கேட்டார்.

"நாலு அங்குலம்னு சொல்லுவாங்க. ஆனா எல்லாருக்கும் அப்படி இல்ல. ஆளைப் பார்த்து விடணும்."

அவர் ஆளைப் பார்த்தார். ஏற இறங்கப் பார்த்தார், சுற்றிவந்து பார்த்தார், கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பார்த்தார். தபால்காரருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மேல் சட்டையில்லாமல் நடு அறையில் நின்று அவருக்குப் பழக்கமில்லை.

நல்லவேளையாக இன்னொரு சட்டைக்குத் துணி இருந்தது. இந்தத் தடவை அவள் தூங்கவில்லை. இடது கையில் சாக்குக் கட்டியைப் பிடித்து, எங்கே வெட்ட வேண்டும் என்று கோணல்மாணலாக அவளே கோடு போட்டாள். அவர் அந்தக் கோணல் மேலேயே கத்திரியை ஓட்டினார். ஸ்கேலைத் தொடவில்லை. அக்குளுக்கு வந்தபோது மட்டும், "இங்க தாராளமா விடுங்க," என்றாள். அவர் தாராளமாக விட்டார். விடுவதென்று வந்த பிறகு அவருக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை தபால்காரர் புதுச் சட்டையில் சைக்கிளில் கிளம்பினார். தெருமுனையில் எதிர்க்காற்று அடித்தது. சட்டை முதுகுப் பக்கம் பாய்மரம் போல உப்பியது. அவர் ஒரு கையை உயர்த்தி டாட்டா காட்டினார். கை நன்றாகவே உயர்ந்தது.

ஜன்னலருகே நின்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதுகுல கொஞ்சம் பிடிக்கணும்," என்றாள்.

"எவ்வளவு?"

அவள் இடது கைக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினாள். அவர் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு மில்லி," என்றார்.

"இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பில் பால் வைக்கப் போனாள். பாத்திரம் கனமாக இருந்ததால் அதன் ஒரு காதை அவர் பிடித்துக்கொண்டார்.